காடுகோடிக் கல்வெட்டும் வைட்ஃபீல்ட் ஏரிகளும்

தொழில் நாடிப் பெங்களூர் சென்ற தமிழ் மக்களுள் பலர் இன்று வைட்ஃபீல்டில் வாழ்கின்றனர். கணிப்பொறி நிறுவனங்களும் அடுக்குமாடங்களும் நிறைந்த அவ்விடத்தை நேற்று முளைத்த ஊரென்றே நாம் எண்ணுகின்றோம். 1882-ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் சாமராச உடையார் ஆங்கிலோ-இந்தியர் குடியேற ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலம் வழங்கினார். அவர்தம் தலைவர் ஒயிட் என்பாரின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. ஆயினும் அந்நிலத்தின் கதை அதற்கும் எண்ணூறு ஆண்டுகள் முந்தியது.

அருகிலுள்ள காடுகோடியில் 1043-ஆம் ஆண்டைச் சேர்ந்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பெர்மாடி காவுண்டன் மகன் இராசராச வேளான் என்னும் தலைவன் பட்டந்தூர் ஏரியை அமைத்ததையும், பிள்ளையார், துர்க்கை, க்ஷேத்திரபாலர் ஆகியோர்க்குக் கோயில் எடுப்பித்ததையும் அது கூறுகின்றது. தந்தை பெயரில் கன்னட நாட்டு ஊர்த்தலைவர்க்குரிய பட்டம். மகன் பெயரில் சோழ வேந்தனின் பெயர். ஏரி அமைக்கும் கலையைத் தமிழர் சென்று கற்பித்தனர் என்று நாம் மார்தட்டிக் கொள்வதற்கு இங்கே இடமில்லை. அஃது இரு நாட்டார்க்கும் பொதுவான கலை. நாம் தூம்பு என்பதை அவர்கள் தூபு என்கின்றனர்.

பெங்களூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு முதுகின்மேல் அமைந்த நகரம். வற்றாத ஆறு அதன் நடுவே இல்லை. சில திங்களிற் கொட்டித் தீரும் மழையே அதன் செல்வம். ஆதலின் முன்னோர் சரிவு நோக்கிக் கரை எழுப்பினர். மேலேரி நிரம்பின் மிகைநீர் கலிங்கு வழியே கால்வாயில் இறங்கிக் கீழேரியைச் சேரும். வண்டல் வயலுக்கு உரமாகும். தேங்கிய நீர் மண்ணுள் இறங்கிக் கிணறுகளில் ஊறும். ஏரிகள் பலவாயினும் அமைப்பு ஒன்றே. மாலையின் நூல் போன்றது கால்வாய்.

அந்த நூலைத்தான் நம் காலத்தவர் அறுத்தனர். 1894-இல் எசரகட்டாவிலிருந்தும், 1974-இல் காவிரியிலிருந்தும் குழாய்நீர் நகருக்கு வந்தது. குழாய் வந்தபின் ஏரியை யார் நினைப்பர்? வயல்கள் மனைகளாயின, ராசகாலுவே எனப்படும் பெருங்கால்வாய்கள் குறுகின, கழிவுநீரே ஏரிகளுக்கு வரத்தாயிற்று. விளைவு என்ன? 2022 செப்டம்பர்ப் பெருமழையில் வைட்ஃபீல்டை ஒட்டிய பகுதிகளில் செல்வர்களும் டிராக்டரிலும் படகிலும் ஏறி வீட்டைவிட்டு வெளியேறினர். 2024 கோடையில் அதே வட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் வற்ற, தண்ணீர் லாரிக்காக மக்கள் காத்துக் கிடந்தனர். ஈராண்டு இடைவெளியில் வெள்ளமும் வறட்சியும்!

இதனைச் செப்பனிடும் முயற்சிகளும் இல்லாமலில்லை. 2009-இல் குறிப்பிட்ட அளவிற்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேமிப்புக் கட்டாயமாக்கப்பட்டது. நகரின் வடபால் உள்ள சக்கூர் ஏரியில், சுத்திகரித்த கழிவுநீர் சம்பும் கோரையும் வளர்ந்த சதுப்பினூடே மேலும் தெளிந்து ஏரியை அடைகின்றது. 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த நீர் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கும் செல்கின்றது. இவற்றுள் சக்கூர் முறையையே நாம் பெரிதும் மதிக்கின்றோம். நிலமும் செடியும் அங்கே வேலை செய்கின்றன. ஏரிக்கரையில் நடைபாதையும் விளக்கும் அமைத்துவிட்டுப் புனரமைப்பு என்று பெயரிடுவோரும் உளர். கால்வாய் திறவாத ஏரிக்கு அவ்வணி எதற்கு?

இச்செய்தி தமிழ்நாட்டிற்கும் அயலானதன்று. பெங்களூரின் கிழக்குச் சரிவில் விழும் மழை வர்த்தூர் ஏரி வழியே தென்பெண்ணையிற் கலக்கின்றது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, பின்னர் கிருட்டிணகிரி, சாத்தனூர் அணைகள், முடிவில் கடலூர் அருகே கடல் என்பது அதன் பாதை. வர்த்தூரில் வெண்பனிபோற் குவிந்த நுரையை நாடே படம்பிடித்துப் பார்த்தது. அதேபோன்ற நுரை கெலவரப்பள்ளி மதகுகளிலும் பொங்கியது. அந்நீரைத்தான் ஓசூர் வட்டாரத்து உழவர் தம் வயலுக்குப் பாய்ச்சுகின்றனர்.