கம்பி இல்லாத விமானம்

தேன்கனிக்கோட்டை வட்டத்து பேளகொண்டப்பள்ளியில், தளி சாலையோரம், ஒரு தனியார் விமான ஓடுதளம் இருக்கிறது. 1990-களில் இத்தாலிய வடிவமைப்பான பி-68 சிறுவிமானம் அங்கே தயாரானது. அதில் விமானி கைப்பிடியைத் திருப்பினால் கம்பி இழுபட்டு இறக்கையின் தகடு அசையும். அதே ஆண்டுகளில் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரில், உருவான தேஜஸ் போர்விமானத்தில் அந்தக் கம்பியே கிடையாது. விமானியின் கையசைவை நான்கு கணினித் தடங்கள் தனித்தனியே கணக்கிட்டு ஒப்புநோக்கும். ஒன்று மாறிச் சொன்னால் மற்றவை அதைத் தள்ளிவிடும். சுறுசுறுப்புக்காக வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்கப்பட்ட அந்த விமானத்தை வானில் தாங்கிப்பிடிப்பது மென்பொருள்தான். அது பிசகினால் என்ன ஆகும் என்பதை 1989-லும் 1993-லும் விழுந்த சுவீடனின் கிரிப்பென் விமானங்கள் காட்டிவிட்டன.

இப்படிப்பட்ட மென்பொருளை முழுத் திட்டத்தையும் முதலிலேயே எழுதி, கையெழுத்திட்டுப் பூட்டிய பிறகுதான் செய்ய வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து திருத்தும் 'அஜைல்' முறை கடைக்கணக்குச் செயலிகளுக்கே பொருந்தும் என்பார்கள். தேஜஸின் கதை அப்படி நடக்கவில்லை. 1992-இல் அமைந்த கட்டுப்பாட்டு விதிக் குழு, கையசைவுக்கு விமானம் எப்படி அசைய வேண்டும் என்ற விதிகளை வகுத்தது. 1996-இல் அமெரிக்காவில் எஃப்-16 சோதனை விமானத்தில் ஏற்றிப் பார்த்தது. 1998 பொக்ரான் அணுவெடிப்புக்குப் பின் அமெரிக்கா விதித்த தடையால் அங்கிருந்த நம் பொறியாளர்கள் திரும்ப வேண்டியதாயிற்று. மீதி வேலை பெங்களூரில், அசல் ஹைட்ராலிக் உறுப்புகளைத் தரையிலேயே பூட்டிய 'அயர்ன் பேர்ட்' சோதனைச் சட்டத்தில் நடந்தது. 2001 ஜனவரி 4-இல் விமானம் பறந்தது. (அஜைல் அறிக்கை அமெரிக்காவின் யூட்டாவில் எழுதப்பட்டது அடுத்த மாதம்தான்.) அதன்பின் வேகம், உயரம், மூக்கு நிமிரும் கோணம் என்று எல்லையைச் சிறிது சிறிதாகத் திறந்தார்கள். பறந்து வந்த தரவைக் கணிப்போடு ஒப்பிட்டு, விதியைத் திருத்தி, தரையில் மறுபடி சோதித்து, அதற்கப்புறமே அடுத்த படி.

இது வெறும் பறப்புச் சோதனை, பழைய கள்ளுக்குப் புது மொந்தை என்று ஒருவர் சொல்லலாம். பாதி உண்மை. ஆனால் பழைய விமானத்தில் சோதனை கண்ட குறையைத் தீர்க்கப் பெரும்பாலும் தகட்டை வெட்ட வேண்டும். இங்கே ஓர் ஆணியைக்கூடத் தொடாமல் விமானத்தின் குணத்தையே மாற்ற முடிந்தது. 1983-இல் தொடங்கியது 2016-இல்தான் படைப்பிரிவில் சேர்ந்தது என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. எஞ்சின் தாமதமும் தடையும் அதற்குப் பெருங்காரணங்கள் என்றாலும், ஒரு சிறு திருத்தத்துக்கும் விரிவான மறுசோதனை வேண்டியிருந்ததன் விலையை மறைக்க முடியாது. அந்த விலையைக் குறைக்க வழி, எதை அசைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று முதலில் பிரிப்பதுதான். நான்கு தடம் என்பது கடைசிவரை நான்குதான். மூக்கு நிமிரும் கோணத்தின் வரம்போ படிப்படியாக ஏறி, 2019-இன் இறுதி அனுமதியில் 24 பாகையைத் தொட்டது.