கல்வியியல் இளநிலைப் பட்டம் (மதுரை)

பட்டதாரி ஆசிரியராக விரும்புவோர், இளநிலைப் பட்டத்துக்குப் பின் பயிலும் தொழிற்பட்டம், வழக்கில் பி.எட். தமிழ்நாட்டில் 2008-இல் உருவான தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் கல்வியியல் கல்லூரிகளை இணைத்துப் பட்டம் வழங்குகிறது. மதுரைத் தெப்பக்குளம் பகுதியிலுள்ள, கருமுத்து தியாகராசரின் பெயர் தாங்கிய ஆசிரியர் கல்லூரி இவ்வட்டாரத்தில் பெயர்பெற்றது. ஓராண்டுப் படிப்பாக இருந்தது, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளால் ஈராண்டாயிற்று. படிப்பின் உயிர்நாடி கற்பித்தல் பயிற்சியே: திருமங்கலம், மேலூர் போன்ற ஊர்ப் பள்ளிகளில் பாடத்திட்டக் குறிப்பேட்டுடன் வாரக்கணக்கில் வகுப்பெடுக்க வேண்டும். நீட்டிப்பால் செலவு கூடினாலும் பள்ளியில் கழியும் காலம் பெருகியது நல்ல மாற்றம்.

பட்டம் மட்டும் போதாது. கட்டாயக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) தமிழ்நாட்டில் 2012-இல் முதன்முதலாக நடந்தது. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை கற்பிக்க இரண்டாம் தாளில் தேற வேண்டும்; மொத்தம் 150 மதிப்பெண். ஏழாண்டாக இருந்த சான்றிதழின் செல்லுபடிக் காலம் 2021-இல் வாழ்நாள் முழுமைக்குமானது. ஆயினும், 2018-ஆம் ஆண்டு அரசாணைப்படி அரசுப் பணிக்குத் தனி நியமனத் தேர்வும் உண்டு. டெட் தேறியோரை மீண்டும் தேர்வெழுதச் செய்யும் இம்முறை அவர்களுக்குப் பெருஞ்சுமை.