ஓர் ஆசனத்தின் எடை

1994 ஆகஸ்ட் 16ஆம் திகதி நடந்த பொதுத்தேர்தலில் சந்திரிகா குமாரதுங்கவின் பொதுசன ஐக்கிய முன்னணிக்குக் கிடைத்தவை 105 ஆசனங்கள். யானைச் சின்னத்து ஐக்கிய தேசியக் கட்சிக்கு (ஐதேக) 94. ஆட்சியமைக்க 113 வேண்டும். முஸ்லிம் காங்கிரஸின் ஏழு பேரைக் கூட்டிப் பார்த்தும் ஒன்று இடித்தது. நுவரெலியாவில் சுயேச்சைக் குழுவாக நின்று வென்ற மலையக மக்கள் முன்னணித் தலைவர் பெ. சந்திரசேகரன் கைகொடுத்தார். பதினேழு வருட யானை ஆட்சி முடிந்தது.

ஒரு காலத்தில் வாக்காளர் இடாப்பிலிருந்தே துடைத்தெறியப்பட்ட மக்களின் பிரதிநிதி அவர்.

1947 தேர்தலில் 95 ஆசனங்களில் 42ஐ மட்டும் வென்ற டி.எஸ். சேனநாயக்க, சுயேச்சைகளைச் சேர்த்துத்தான் பிரதமரானார். தோட்டத்து வாக்குகளோ இலங்கை இந்திய காங்கிரஸ் பக்கம் திரண்டிருந்தன. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு வென்றார்கள். இடதுசாரிகளுக்கும் தோட்ட வாக்குகள் விழுந்தன. பெரும்பான்மைக்குத் திண்டாடிய அரசுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? 1948இல் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு வாக்குரிமை போயிற்று. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனம்கூட இல்லை.

தொழிற்சங்கத் தலைவரான தொண்டமானின் வீடு இறம்பொடை வேவண்டன் தோட்டத்தில். தொழிலாளியாக வந்து கங்காணியாகி, பிறகு அந்தத் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர் அவருடைய தந்தை கருப்பையா. தோட்ட முதலாளியே தொழிற்சங்கத் தலைவரா என்று எதிரணியினர் கேலி பேசினார்கள். சங்கம் என்னவோ வளர்ந்துகொண்டே போனது. வாக்கு இல்லாத ஊரில் சந்தாதான் தலைக்கணக்கு.

1965 தேர்தலில் 151 ஆசனங்களில் 66ஐ மட்டும் வென்ற டட்லி சேனநாயக்க, தமிழரசுக் கட்சியின் 14 பேர் உட்படப் பல கட்சிகளைச் சேர்த்து அரசமைத்தார். சிங்களத்தில் அதற்கு ‘ஹத் ஹவுல’ என்று பேர். ஏழு பங்காளிக் கூட்டு. அதில் தொண்டமானும் இருந்தார், நியமன உறுப்பினராக.

1977இல் மூன்று உறுப்பினர் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியில் தொண்டமான் மூன்றாமவராகத் தெரிவானார். ஐதேகவுக்கு ஆறில் ஐந்து பங்கு பலம். யார் தயவும் தேவையில்லை. ஆனாலும் 1978இல் ஜே.ஆர். ஜயவர்தன அவரை அமைச்சராக்கினார். வேலைநிறுத்தம் செய்யக்கூடிய கூட்டாளியை வெளியே விடுவதைவிட உள்ளே வைத்திருப்பது மேல் என்று கணக்குப் போட்டிருப்பார் போலும்.

உள்ளே வந்தவர் சும்மா இருக்கவில்லை. 1986 தைப்பொங்கலோடு தோட்டங்களில் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. விடிந்ததும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டியவர்கள் நண்பகல்வரை கூடிப் பிரார்த்தனை செய்தார்கள். சாமி கும்பிடுவதை வேலைநிறுத்தம் என்று எந்தத் துரையால் சொல்ல முடியும்? நடத்தியவர் அமைச்சர்; நடந்தது அவர் அங்கம் வகித்த அரசுக்கு எதிராக. நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் அந்த ஆண்டே நிறைவேறியது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் மிச்சத்தைத் தீர்த்தன.

விகிதாசாரத் தேர்தல் வந்தபின் தோட்டத்து அரசியல் விருப்பு வாக்குக்கு மாறியது. யானைக்கோ பொதுசன ஐக்கிய முன்னணியின் கதிரைக்கோ ஒரு புள்ளடி, பிறகு மூன்று வேட்பாளர் இலக்கங்கள். லயத்துக்கு லயம் போய் அந்த இலக்கங்களை மனப்பாடம் செய்ய வைப்பது தோட்டத் தலைவரின் பொறுப்பு.

1994இன் வேடிக்கை சந்திரசேகரன் கைகொடுத்த பிறகுதான். யானைப் பட்டியலில் வென்றிருந்த தொண்டமான் அணியும் கொஞ்ச காலத்தில் சந்திரிகா பக்கம் வந்துவிட்டது. பிரதி அமைச்சரான சந்திரசேகரனின் ஒற்றை ஆசனத்துக்கு இருந்த கிராக்கி அத்தோடு இறங்கியது. தொண்டமான் 1999 ஒக்டோபரில் இறக்கும்வரை அமைச்சர்.

2015இல் மனோ கணேசன், திகாம்பரம், இராதாகிருஷ்ணன் சேர்ந்த தமிழ் முற்போக்குக் கூட்டணி ஐதேக தலைவர் ரணிலின் அரசில் பங்காளியானது. லயங்களுக்குப் பதிலாக ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்ற பேச்சு அப்போது வேகம் பிடித்தது. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159ஐத் தனியாகவே அள்ளியது. நுவரெலியாவின் எட்டில் ஐந்தும் அதற்கே. தொண்டமானின் கொள்ளுப்பேரன் ஜீவன் யானைச் சின்னத்தில் வென்று எதிரணியில் அமர்ந்தார்.