கியர் லிவர் குட்டையான கதை

கியர் லிவரின் அசைவைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டர் மாட்டுவது வேகப் பித்து என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். அமெரிக்கக் கார்களின் வரலாறு வேறு கதை சொல்கிறது. அங்கே 1930களின் பிற்பகுதி வரை கியர் லிவர் பெரும்பாலும் தரையிலிருந்து நேரே கியர்பாக்ஸுக்குள் இறங்கியது. 1938இல் பான்டியாக் அதை ஸ்டியரிங் தண்டுக்கு ஏற்றித் தந்தது. அடுத்த ஆண்டே மற்ற நிறுவனங்களில் பெரும்பாலானவை அதே வழியில் போயின. முன் இருக்கையில் மூன்று பேர் கால் இடிக்காமல் உட்காரலாம் என்பது பெரிய வசதி. (நம் அம்பாசடரின் ஸ்டியரிங் கியரும் இந்த வழக்கத்தைச் சேர்ந்ததே.) ஆனால் கைக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே கம்பிகளும் மூட்டுகளும் புஷ்களும் புகுந்தன. ஒவ்வொன்றும் கொஞ்சம் தேய்ந்தாலே போதும், லிவர் தொளதொளத்துவிடும். கியர் விழுந்ததா என்று கைக்குத் தெரியாது. அவசரத்தில் தள்ளினால் கம்பிகள் சிக்கி இரண்டு கியருக்கும் நடுவில் நின்றுவிடும்.

போருக்குப் பின் பெருகிய டிராக் பந்தயக்காரர்களால் இதைப் பொறுக்க முடியவில்லை. 1950களின் இறுதியில் பென்சில்வேனியாவில் ஜார்ஜ் ஹர்ஸ்ட், பில் கேம்ப்பெலுடன் சேர்ந்து தரையில் பொருத்தும் ஷிஃப்டர்களைச் செய்யத் தொடங்கினார். அசைவு குறைந்ததைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஹர்ஸ்டின் பெரிய கொடை உறுதி என்பேன். வளையாத தடித்த பாகங்கள், லிவர் எல்லை தாண்டாமல் நிறுத்தும் தடுப்பு போல்ட்டுகள். முழு பலத்தில் இழுத்தாலும் அந்த பலம் கியர்பாக்ஸின் உள்ளுறுப்புகளை வளைக்காமல் போல்ட்டில் போய் நின்றது. 1964இல் பான்டியாக் ஜிடிஓ தொழிற்சாலையிலிருந்தே ஹர்ஸ்ட் ஷிஃப்டருடன் வந்தது. அந்த ஆண்டில் மட்டும் 32,450 கார்கள் விற்றன. லிவரைத் தரையிலிருந்து தூக்கிய அதே பான்டியாக், வெளியாள் ஒருவரின் சரக்கை வாங்கி அதைத் திரும்பத் தரைக்கு இறக்கியது.

குட்டை லிவர் சிங்க்ரோமெஷைக் கெடுக்கும் என்பது பழைய குற்றச்சாட்டு. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஊன்றுபுள்ளிக்கு மேலே 30 செ.மீ., கீழே 5 செ.மீ. என்றால் விகிதம் ஆறுக்கு ஒன்று. கீழ்ப்பகுதியை 7.5 செ.மீ. ஆக்கினால் நாலுக்கு ஒன்று: கை நகரும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும், அதே வேலைக்குக் கை ஒன்றரை மடங்கு அழுத்த வேண்டும். 1928இல் காடிலாக் கொண்டுவந்த சிங்க்ரோமெஷ், உராய்வால் பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்கிறது. அதற்கு நேரம் வேண்டும். முன்பு அழுத்திய அளவே அழுத்தினால் அதன் மேல் விழும் சுமை குறைகிறது, சமனாகும் நேரம் கூடுகிறது. அந்தக் கணநேரம் பொறுக்காமல் ஓங்கித் தள்ளும்போதுதான் தேய்மானம் வருகிறது. ஆகவே குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. தேய்ந்த சிங்க்ரோ உள்ள வண்டியில் இதை மாட்டக் கூடாது.

இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் மனிதக் கையை விட வேகமாக மாற்றும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் எழுகிறது. வேகம்தான் நோக்கம் என்றால் அது சரியான கேள்வி. ஆனால் 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 பெரிய வேகக்காரன் அல்ல. கியர்பாக்ஸின் மேலேயே நேராக உட்கார்ந்த அதன் குட்டை லிவரை இன்றும் கொண்டாடுகிறார்கள். கம்பியோ கேபிளோ வழியாக இயங்கும் கார்களில் லிவரை மட்டும் குட்டையாக்கிவிட்டுத் தேய்ந்த புஷ்களை அப்படியே விட்டால் தொளதொளப்பு அங்கேயே இருக்கும். முதலில் புஷ்களை மாற்றிப் பார்ப்பது நல்லது. பல வண்டிகளில் வேலை அதோடு முடிந்துவிடும்.