கொழுந்தும் நொதியமும்

விஞ்ஞானத்தின் வரலாறு பெரும்பாலும் ஆய்வுகூடங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கின்றது. ஆய்பொருளை அக்கூடத்தின் மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்த உழைப்பு அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. நொதியங்களைப் பற்றிய அறிவின் வளர்ச்சியில் மலையகத் தேயிலைக்கும் ஒரு பங்குண்டு என்பதை நம் மாணவருட் பலர் அறியார். அதனை அறிவது விஞ்ஞானப் பாடத்துக்கு மட்டுமன்றி, நம் சமூக வரலாற்றுக்கும் தேவையாகும்.

1867ஆம் ஆண்டில் கண்டிப் பகுதியைச் சேர்ந்த லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழிக்கவே, ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா மலைச்சரிவுகளெங்கும் தேயிலை பரவிற்று. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தோரின் உழைப்பே அப்பசுமையை உண்டாக்கியது. பறித்த கொழுந்தை வாட்டி, உருளையில் அரைத்து, ஈரக்காற்றுப்படப் பரப்பினால் பச்சை நிறம் செம்பு நிறமாகின்றது. பச்சிலை வாடை போய்த் தேயிலையின் மணம் எழுகின்றது. இம்மாற்றத்துக்கு 'நொதித்தல்' என்று பெயரிட்டனர். கள் புளிப்பது போல இதுவும் நுண்ணுயிர்களின் செயலே என்ற எண்ணம் அப்பெயருள் அடங்கியிருந்தது. பெயர் நிலைத்துவிட்டது, எண்ணம் நிலைக்கவில்லை.

1897இல் ஜெர்மானியரான எடுவார்ட் புக்னர், உயிருள்ள கலங்கள் இல்லாத மதுவச் சாறே சீனியை நொதிக்கச் செய்யும் என்று காட்டினார். உயிருக்கே உரிய மறைபொருளாகக் கருதப்பட்ட ஆற்றல், ஒரு சடப்பொருளின் இயல்பென விளங்கிற்று. நான்கே ஆண்டுகளில், 1901இல், இந்தியாவில் ஹரோல்ட் மானும் ஜப்பானில் அசோவும் தேயிலையின் நிறமாற்றத்துக்கு அவ்விலையிலேயே உள்ள நொதியம்தான் காரணம் என்ற கருத்தை வெளியிட்டனர். எனினும் அந்நொதியம் எத்தகையது என்ற வினா எஞ்சி நின்றது.

1925இல் நிறுவப்பட்ட இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம், தலவாக்கலை சென். கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. லாம்ப், ஸ்ரீரங்காசார் ஆகிய இருவரும் இலங்கைத் தேயிலையின் 'நொதித்தலை' ஆராய்ந்து, 1940 முதற்கொண்டு இங்கிலாந்தின் உயிரிரசாயன ஏட்டில் கட்டுரைகள் வெளியிட்டனர். 1943இல் ஸ்ரீரங்காசார், இது செம்பு அடங்கிய ஒரு பொலிபீனோல் ஒட்சிடேசே என்ற முடிவை முன்வைத்தார். வேறு நொதியங்களைக் காரணமாகக் கூறியோரும் அக்காலத்தில் இருந்தனர். பிற்கால ஆய்வுகள் செம்பு நொதியத்தின் பக்கமே சாய்ந்தன.

இந்நொதியம் செயற்படும் முறை யாது? நொதியம் ஒரு பெரும் புரத மூலக்கூறு; அதன் மடிப்புகளினிடையே உயிர்ப்பு மையம் என்னும் சிறு குழிவு உண்டு. பூட்டுக்குத் திறவுகோல் போல அதற்குப் பொருந்தும் மூலக்கூறே அங்குப் பிணையும் என்று 1894இல் எமில் பிஷர் விளக்கினார். பிணையும்போது குழிவும் சற்றே உருமாறி இறுகத் தழுவுகின்றது என்று 1958இல் கோஷ்லாந்து அவ்விளக்கத்தைத் திருத்தினார். தேயிலையின் நொதியத்தில் அம்மையத்தில் இரண்டு செம்பணுக்கள் உள்ளன. அவை ஒட்சிசனைப் பற்றிக்கொள்ள, அருகே பிணையும் கற்றெக்கின் குயினோனாக மாறி வெளியேறுகின்றது. வினை தொடங்குவதற்கு வேண்டிய சக்தித் தடையை நொதியம் தாழ்த்துகின்றது, தான் செலவழிவதில்லை, அடுத்த மூலக்கூறை ஏற்கின்றது. வெளிவந்த குயினோன்கள் தாமாகவே ஒன்றோடொன்று இணைந்து, தேநீருக்கு ஒளியும் நிறமும் தரும் தியாபிளேவின், தியாறுபிஜின் என்பனவாகின்றன.

உயிருள்ள இலையில் நொதியமும் கற்றெக்கினும் கலத்தின் வெவ்வேறு அறைகளில் உள்ளன. அரைக்கும்போது சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. சூடு மிகுந்தால் புரதம் சிதையும். ஆகவே தொழிற்சாலையில் குளிர்ந்த ஈரக்காற்று வேண்டும். உரிய வேளையில் வெப்பக்காற்றால் உலர்த்தி நொதியத்தை அழித்துவிட வேண்டும். அவ்வேளையை நூற்றாண்டுக்கும் மேலாக மூக்கும் கண்ணுமே கணித்து வந்தன. கற்றெக்கினும் நொதியமும் செறிந்த பகுதி இரண்டு இலையும் ஓர் அரும்புமே. முற்றிய இலையை விலக்கி அதனையே கிள்ளியெடுக்கும் பெண்ணின் விரல்கள், உயிரிரசாயனம் பிறக்குமுன்பே அதன் முதற் பரிசோதனையைச் செய்துவந்தன அன்றோ?

அவ்விரல்களுக்குக் கிடைத்த கைம்மாறு யாது? ஸ்ரீரங்காசாரின் கட்டுரை வெளிவந்து ஐந்தாண்டுகளில், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குத் தொகைவாரியாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் குறை தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஊக்கியாய் நின்று வினையை நடத்தும் நொதியம் தேய்வதில்லை. ஒரு நாட்டின் செல்வத்தை ஊக்கி வளர்த்த தொழிலாளியோ தேய்ந்தாள். இது இயற்கையின் விதியன்று. மனிதர் வகுத்த விதி. ஆதலின் மனிதரால் மாற்றத்தக்கது.

ஆசிரியர்களாகிய நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நொதியத்தைக் கற்பிக்க உமிழ்நீரும் மாப்பொருளும் கொண்டு பரிசோதனை செய்கின்றோம், அது நன்றே. ஆனால் லயத்து வாசலிலேயே தேயிலைச் செடி நிற்கின்றது. ஒரு கொழுந்தைப் பச்சையாக நசுக்கி வைப்போம். மற்றொன்றைக் கொதிநீரில் அமிழ்த்தியபின் நசுக்கி வைப்போம். முன்னது பழுப்பாகும், பின்னது பச்சையாகவே நிற்கும். செலவேதுமில்லாத இப்பரிசோதனையில் நொதியத்தின் இருப்பும், வெப்பத்தால் அது அழிவதும் ஒருங்கே புலனாகும். தன் தாயின் கூடையிலிருந்த கொழுந்தே உலக விஞ்ஞான ஏட்டில் இடம்பெற்றது என்று அறியும் பிள்ளை, விஞ்ஞானம் பிறர் வீட்டுச் சொத்தென்று இனி எண்ணமாட்டாது. தனக்குரியதைக் கேட்கவும் அது தயங்காது.