அகமதாபாத் பேரைச் சுமக்கும் குருவி

போன வாரம் கரும்புக்காட்டுக்குத் தண்ணி திருப்பிவிட்டு வாய்க்கா மேட்டுல நின்னுட்டிருந்தேன். எதிர்க்கரை நாணல்ல செவப்பா ஏதோ அசைஞ்சுது. உத்துப் பார்த்தா சிவப்புச் சில்லை. எங்க காட்டுல இதைப் பார்த்து எத்தனையோ வருசம் ஆச்சு. சந்தோசமாத்தான் இருந்துச்சு, கூடவே ஒரு பழைய குத்தமும் ஞாபகம் வந்துச்சு. அதைக் கடைசியில சொல்றேன்.

மொத்தமே 10 சென்டிமீட்டர் நீளம்தான். கூடு கட்டுற காலத்துல ஆண் குருவி மிளகாப்பழச் செவப்பு. அதுமேல அரிசிக் குருணை தெளிச்ச மாதிரி வெள்ளைப் புள்ளிங்க. காலம் முடிஞ்சா அந்தச் செவப்பெல்லாம் உதிர்ந்து, பெட்டை மாதிரியே மங்கின பழுப்பாயிரும். வால் தொடங்குற இடத்துல மட்டும் கொஞ்சம் செவப்பு நிக்கும். அலகுகூட அப்படித்தான். மே மாசத்துல செவக்க ஆரம்பிக்கும், அடுத்த ஏப்ரல்ல கறுத்துப் போகும். சில்லைக் குடும்பத்துல இப்படிப் பருவத்துக்கு உடுப்பு மாத்துறது அபூர்வம்.

மழை பெஞ்சு புல்லு கதிர் விடுற காலம்தான் இதுக்குக் கல்யாணக் காலம். குஞ்சுக்குத் தீனி வேணுமில்ல! புல்லாலயே பந்து மாதிரி கூடு கட்டி, பக்கவாட்டுல வாசல் வெச்சு, அஞ்சாறு வெள்ளை முட்டை போடும். பாட்டு ரொம்ப மெல்லிசு. பெட்டையும் பாடும்.

இதோட முக்கியமான குணம், தனியா இருக்காது. கூட்டமாத்தான் திரியும். பறக்கறப்பவும் மேயறப்பவும் ஒண்ணுக்கொண்ணு சின்னதா குரல் குடுத்துக்கிட்டே இருக்கும். அழகும் இந்த ஒத்துமையுந்தான் இதுக்கு எமனாச்சு.

250 வருசத்துக்கு முன்னாடியே இந்தக் குருவி கப்பலேறி ஐரோப்பா போயிருச்சு. குஜராத்துல அகமதாபாத் பக்கம் இருந்து போனதால, அந்த ஊர்ப் பேரே குருவிக்கும் ஒட்டிக்கிச்சு. வெள்ளைக்காரங்க வாயில அகமதாபாத் 'அவடவாட்' ஆயிருச்சு. 1758-ல லின்னேயஸ் தன் புத்தகத்துல இதுக்கு 'அமண்டாவா'ன்னு பேரு வெச்சார். அதுவும் அந்த ஊர்ப் பேரோட திரிபுதான். கூண்டுல இருந்து தப்பினதும் திறந்து விட்டதுமா, இன்னைக்கு ஸ்பெயின், பிஜி, ஹவாய்னு பல இடத்துல இது குடும்பம் நடத்துது.

பிடிக்கிற விதம் ரொம்ப லேசு. தரையில வலையை விரிச்சு, தானியம் தூவி, பக்கத்துல கூண்டுக்குள்ள பழக்கின குருவி ரெண்டு வைப்பாங்க. அது கூப்பிடும். நம்ம இனம் இங்க இருக்குன்னு நம்பிக் கூட்டமே இறங்கும். கயித்தை ஒரு இழு. முடிஞ்சுது.

எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். வலையோட ரெண்டு பேர் வந்து, "தம்பி, செவப்புக் குருவி எங்க அடையும்?"னு கேட்டாங்க. நான்தான் நாணல் புதரைக் காட்டினேன். எட்டணா குடுத்தாங்க. அதுல ஐஸ் வாங்கித் தின்னேன். அடுத்த மழைக்கு அந்தப் புதர்ல சத்தமே இல்லை. எங்கய்யன்தான், "குருவி எங்கடா காணோம்?"னு கேட்டார். நான் வாயைத் திறக்கலை.

1972-லயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தும், சில்லை யாவாரம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. 1991-ல சட்டத்தைத் திருத்தின பிறகுதான் நம்ம காட்டுப் பறவைகளைப் பிடிச்சு விக்கறது குத்தம்னு ஆச்சு. அப்பவும் முழுசா நிக்கலை. சில்லைக்குப் பச்சை, மஞ்சச் சாயம் பூசி, வெளிநாட்டுக் குருவின்னு சொல்லி விக்கறவங்க உண்டு. டவுன்ல இருக்கற நீங்க அப்படி எங்கயாவது பார்த்தா வாங்காதீங்க. பாவம்னு வாங்கிப் பறக்க விட்டாலும், நீங்க குடுக்கற காசு அடுத்த வலைக்குத்தான் போகும்.

வலைக்காரங்களை மட்டும் குத்தம் சொல்லிட்டு நான் தப்பிக்க முடியாதுங்க. இதுக்குப் புல்லு விதையும் நாணலும்தான் வீடும் சோறும். களைக்கொல்லி அடிச்சு வரப்பைச் சுத்தமா வெச்சிருந்ததும் நான்தான். அப்பல்லாம் அதைப் பெருமையா வேற சொல்லிக்குவேன்.

இந்த வருசம் வாய்க்காக் கரையில மருந்து அடிக்கலை. "ஏங்க, காடு இப்படிப் புதர் மண்டிக் கிடக்குதே"ன்னு பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டார். குருவி இருக்குதுன்னு சொன்னேன். சிரிச்சுட்டுப் போனார்.

நேத்து சாயங்காலம் எண்ணிப் பார்த்தேன். ஏழு இருக்கு. எங்க அடையுதுன்னு இந்தத் தடவை யாருக்கும் சொல்லலை.