பென்டிரைவ் கைகொடுத்த காலம்



ஓசூரின் தொழில் வரலாறு என்றதும் லாரி, மொபெட், கைக்கடிகாரம் ஆகியவைதாம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 1971-இல் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டு, பின்னர் ஓசூரில் தொழிற்பேட்டை அமைந்ததும் இந்த மண்ணின் முகமே மாறிப்போனது. பெரிய ஆலைகளின் கதையை எழுத நிறையப் பேர் உண்டு. நான் எழுத வந்தது கட்டைவிரல் அளவுள்ள ஒரு பொருளின் கதை. கணினிக்கு வேகம் கூட்டுவதற்காகப் பென்டிரைவைச் செருகி வைத்த காலம் ஒன்று இருந்தது. அது வந்ததும் போனதும் பலருக்குத் தெரியாது.

பென்டிரைவின் வம்சாவளியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதன் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டறிந்தவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா. அதைச் செருகும் யு.எஸ்.பி. முறை 1996-இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் வதோதராவில் படித்த நம் நாட்டுக்காரர் அஜய் பட். 2000-ஆம் ஆண்டு சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் "தம்ப்டிரைவ்" என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஐ.பி.எம். விற்றதில் கொள்ளளவு வெறும் 8 எம்.பி.! இன்று செல்போனில் எடுக்கும் இரண்டு மூன்று படத்துக்கே அது போதாது.

2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா பொதுமக்கள் விற்பனைக்கு வந்தது. அதற்குக் குறைந்தபட்சம் 512 எம்.பி. ரேம் வேண்டும். அந்தக் குறைந்தபட்சத்தோடு ஓட்டிய கணினியின் பாடு ஐயோ பாவம்தான். அப்போது நான் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் சிறு தொழிற்கூடங்களுக்குக் கணினி பராமரிப்பு வேலை பார்த்துவந்தேன். புது மெஷினுக்கு லட்சக்கணக்கில் பணம் போடும் முதலாளிகூட, கணக்குப் பிரிவுக் கணினி என்றால், "ஓடுதில்ல, ஓடட்டும் விடுங்க சார்" என்பார். பழைய வகை ரேம் வேண்டுமென்றால் ஜூஜூவாடி, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோடுக்குப் பஸ் ஏற வேண்டும். ஆனால் பென்டிரைவ் எல்லார் சட்டைப் பையிலும் இருந்தது. அதற்கு விஸ்டாவில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அந்த வசதியின் பெயர் ரெடிபூஸ்ட்.

அது எப்படி வேலை செய்தது? நம் ஊர் பாஷையிலேயே சொல்கிறேன். லேத் பக்கத்து மேஜைதான் ரேம். தூரத்து ஸ்டோர் ரூம்தான் ஹார்டு டிஸ்க். மேஜை சின்னதாக இருந்தால் ஸ்பேனருக்கும் டிரில்லுக்கும் அடிக்கடி ஸ்டோருக்கு ஓட வேண்டும். பென்டிரைவ் என்பது மேஜைக்கும் ஸ்டோருக்கும் நடுவே நிறுத்திய தள்ளுவண்டி. மேஜை பெரிதாகவில்லை, ஓட்டம்தான் குறைந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தகவலைத் தேட 10 மில்லி செகண்டு எடுக்கும் டிஸ்க், ஒரு நொடியில் சிதறிக் கிடக்கும் 100 துண்டுகளைத்தான் எடுக்கும். துண்டு 4 கே.பி. என்றால் நொடிக்கு 400 கே.பி. ஆனால் ரெடிபூஸ்ட் ஒரு பென்டிரைவை ஏற்றுக்கொள்ள, அதே சிதறிய துண்டுகளை நொடிக்கு 2.5 எம்.பி. வேகத்தில் படித்துக்காட்ட வேண்டும். ஏறக்குறைய ஆறு மடங்கு! நீளமான கோப்பை ஒரே மூச்சில் படிப்பதில் டிஸ்க்கே கெட்டி. அதனால் அந்த வேலையை டிஸ்க்குக்கே விட்டுவிடுவார்கள்.

இனி கோளாறுகளுக்கு வருவோம். "சார், இந்த டிரைவ் லாயக்கில்லைன்னு சொல்லுது" என்பதுதான் அதிகம் வந்த புகார். பல நேரம் குற்றம் டிரைவில் இல்லை, செருகிய இடத்தில்தான். பழைய யு.எஸ்.பி. 1.1 துளையின் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட், அதாவது 1.5 எம்.பி. அதில் எந்தக் கொம்பன் டிரைவைச் செருகினாலும் 2.5-ஐத் தொட முடியாது. சில மதர்போர்டுகளில் யு.எஸ்.பி. 2.0 இருந்தும், பயாஸ் அமைப்பில் பழைய வேகத்திலேயே விட்டுவைத்திருப்பார்கள். அதை மாற்றி, பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகினால் அதே டிரைவ் தேறிவிடும்.

அடுத்தது, "8 ஜி.பி. போட்டேன், 4 ஜி.பி.தானே எடுக்குது?" என்பது. விஸ்டாவில் வரம்பே அவ்வளவுதான். 2009-இல் வந்த விண்டோஸ் 7-இல் வரம்பு உயர்ந்தது. ஆனால் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்தால் சரியாகும். மூன்றாவது, வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு சூப்பர்ஃபெட்ச் சேவையை நிறுத்திவைத்திருப்பார்கள். தள்ளுவண்டியில் என்ன அடுக்குவது என்று முடிவு செய்யும் ஸ்டோர்கீப்பரே அவர்தான்! அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வண்டி காலியாகத்தான் நிற்கும்.

"நடுவில் பிடுங்கினால் கணக்கு அழியுமா?" என்று பயப்படாதவர் இல்லை. அழியாது. டிரைவில் இருப்பது நகல்தான், அசல் டிஸ்க்கிலேயே இருக்கும். நகலும் ஏ.இ.எஸ். முறையில் பூட்டப்பட்டது. டிரைவைத் திருடியவன் அதைப் படிக்க முடியாது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. கணினி மெதுவாக இருந்த இடங்களில் திட்டு வாங்கியது கணினி அல்ல. சம்பளப் பட்டியல் தாமதமானால், "அந்தப் பொண்ணு கை ஸ்லோ சார்" என்பார்கள். 512 எம்.பி. ரேம் உள்ள இடத்தில் பென்டிரைவைப் போட்டதும் அந்தப் பெண்ணின் கை திடீரென்று வேகமாகிவிடும்! 2 ஜி.பி. ரேம் இருந்த கணினியில் அதே டிரைவ் பெரிதாக எதையும் மாற்றவில்லை. அங்கே தாமதத்தின் காரணம் வேறு. சில நேரம் வைரஸ், சில நேரம் சாகக் கிடக்கும் டிஸ்க்.

எஸ்.எஸ்.டி. வந்ததும் ஸ்டோர் ரூமே மேஜைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. டிஸ்க் போதுமான வேகத்தில் இருந்தால், ரெடிபூஸ்ட் வேண்டாம் என்று விண்டோஸே சொல்லத் தொடங்கியது. 2022-இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பில் அந்த வசதியே எடுக்கப்பட்டுவிட்டது. ஆக, இன்று பழைய கணினிக்கு வேகம் வேண்டுவோர் பென்டிரைவைத் தேட வேண்டாம். ரேம் சேருங்கள், ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள்.

தம்பி தங்கைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ரெடிபூஸ்ட் போய்விட்டது. "தாமதம் எங்கே?" என்ற கேள்வி போகவில்லை. நாளை நீங்கள் சிப்காட்டில் ஒரு ஷிஃப்டுக்குப் பொறுப்பேற்கும்போது உற்பத்தி குறைந்தால், முதலில் ஆளைக் கேட்காதீர்கள். மேஜையைப் பாருங்கள், ஸ்டோரைப் பாருங்கள், நடுவில் உள்ள வழியைப் பாருங்கள். அளந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். நம் கல்லூரி நமக்குச் சொல்லிக்கொடுத்த படிப்பு அதற்குத்தான்.

வாழ்க நம் கல்லூரி! தொடர்க நம் நட்பு!